வேண்டாத பாறையை எங்கே வைப்பது?

வட சிலி தேசத்தில், அட்டகாமா என்னும் பெரும் பாலைநிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில், காலாமா நகருக்குச் சிறிது வடக்கே, நான்கு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமும் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் அகலமும் ஒரு கிலோமீட்டரை நெருங்குகிற ஆழமும் உடைய ஒரு பள்ளம், கோயில் தெப்பக்குளத்தைப் போல நாற்புறமும் படிபடியாக இறங்கி, அடியில் குறுகி முடிகிறது. சுக்கிகமாட்டா என்பது அதன் பெயர். 1915-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே முதன்முதலாகப் பெரிய அளவில் செம்பு உற்பத்தியான நாள்தொட்டு, நூறாண்டுக்கு மேலாக மனிதர்கள் வெட்டி வெட்டி உண்டாக்கிய பள்ளம் அது. அதைப் பார்க்கிறவர்கள், இத்தனை செம்பை எடுத்துவிட்டார்களே என்று வியப்பது இயல்பு. உண்மை யாதெனில், அந்தப் பள்ளத்திலிருந்து வெளியேறிய பொருளில் செம்பின் பங்கு மிகமிகச் சிறிது. நல்ல தாது என்று சொல்லப்படுவதிலேயே நூற்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் செம்பு. எஞ்சியதெல்லாம் ஒருவருக்கும் வேண்டாத கல். அந்தக் கல்லை எவ்வளவு வெட்டுவது, எப்பொழுது வெட்டுவது, வெட்டியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே திறந்தவெளிச் சுரங்கத் திட்டத்தின் உயிர்நாடி என்பது என் அபிப்பிராயம். சுக்கிகமாட்டாவின் சரித்திரம் அதற்கு மிகப் பெரிய சான்றாக விளங்குகிறது.

அந்தச் செம்பு அங்கே வந்து சேர்ந்த விதத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பசிபிக் சமுத்திரத்தின் தரையாக அமைந்த நாஸ்கா என்னும் பூமித்தட்டு, தென் அமெரிக்கக் கண்டத்தின் அடியில் சாய்ந்து புகுந்துகொண்டே இருக்கிறது. அங்ஙனம் புகும் தட்டு, நீர் கலந்த கனிமங்களையும் தன்னோடு ஆழத்துக்கு இழுத்துச் செல்ல, அங்குள்ள உஷ்ணத்தில் அந்நீர் விடுபட்டு மேலெழுந்து, மேலுள்ள பாறையை உருகச் செய்கிறது. உருகிய குழம்பில் ஒரு பகுதி எரிமலைகளின் வாயிலாக வெளிப்படுகிறது. மற்றொரு பகுதி வெளியே வர இயலாமல், மேற்பரப்புக்குச் சில கிலோமீட்டர் கீழேயே தேங்கி, மெல்ல ஆறி, நுண்மணிகளுக்கிடையே பெரிய படிகங்கள் விரவிய பார்ஃபிரி என்னும் பாறையாக இறுகுகிறது. சுக்கிகமாட்டாவில் இது நிகழ்ந்தது இன்றைக்குச் சுமார் மூன்று முதல் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர். குழம்பு இறுகும்போது அதில் கரைந்திருந்த நீர், தங்குவதற்கு இடமின்றிப் பிரிந்து, தன் அழுத்தத்தினாலேயே சுற்றியுள்ள பாறையைக் கணக்கற்ற மெல்லிய வெடிப்புகளாகப் பிளந்து, தான் சுமந்துவந்த செம்பு, இரும்பு, கந்தகம், மாலிப்டினம் ஆகியவற்றை அவ்வெடிப்புகளில் படியவிட்டுச் சென்றது. ஆகையால், தங்கச் சுரங்கங்களில் காண்பது போன்ற தடித்த தாதுநாளம் ஒன்றைப் பின்பற்றிச் சென்று எடுக்கும் வழி இங்கே பயன்படாது; மலையின் பெரும்பகுதி முழுவதும் மிகச் சிறு அளவில் செம்பு விரவிக் கிடக்கிறது. மலையை மலையாகவே எடுத்தால்தான் செம்பு கிடைக்கும். திறந்தவெளிச் சுரங்கம் என்னும் முறை இவ்வகைத் தாதுக்களுக்காகவே பெருகி வளர்ந்தது எனலாம்.

இந்தத் தாதுத் திரளின் மேற்கெல்லையில், வடக்குத் தெற்காக ஒரு பெரும் பிளவு ஓடுகிறது. மேற்குப் பிளவு என்றே அதற்குப் பெயர். கத்தியால் அறுத்தாற்போல, பிளவின் கிழக்கே வளமான தாது. மேற்கே செம்பு ஏறக்குறைய அறவே இல்லாத வேறொரு பாறை. தாது உண்டான பின்னர், பிளவின் இருபுறத்து நிலமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன என்றும், அந்நகர்ச்சி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் இருக்கும் என்றும் பூகர்ப்ப சாஸ்திரிகள் கணித்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் உரசிய பாறை திடமாக இருக்க முடியுமா? பிளவை ஒட்டிய பகுதி நொறுங்கியும் களிமண்ணாகியும் கிடக்கிறது. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பள்ளத்தின் வடிவம், செலவு, ஆயுள் மூன்றையும் நிர்ணயித்தது இதுவே.

ஆழத்தில் பிறந்த தாதுவை இயற்கையே மீண்டும் ஒருமுறை பக்குவம் செய்தது. ஆண்டீஸ் மலைத்தொடர் உயர உயர, மேலிருந்த பாறை தேய்ந்து, தாது மேற்பரப்பை நெருங்கியது. காற்றும் மழைநீரும் பட்டவுடன், பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் சிதைந்து கந்தக அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் மேற்பகுதியிலிருந்த செம்பைக் கரைத்துக்கொண்டு கீழிறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் கால்கோசைட் என்னும் செம்பு மிகுந்த கனிமமாக அதை மறுபடியும் படியவிட்டது. இப்படி ஒரு படலத்தின் செம்பு அதன் கீழ்ப்படலத்தில் குவிந்து, ஏழைத் தாது செல்வத் தாதுவாயிற்று. பின்னர் அட்டகாமா, உலகத்தின் மிக வறண்ட பாலைகளுள் ஒன்றாக மாறிவிட்டபடியால், மற்ற தேசங்களில் மழையில் கரைந்தோடிவிடக்கூடிய பச்சைநிறச் செம்புக் கனிமங்கள் இங்கே மேற்பரப்பிலேயே நிலைத்து நின்றன. அவற்றுள் ஒன்றான அட்டகாமைட் இப்பாலையின் பெயரையே தாங்கியிருக்கிறது. மாலிப்டினம் மாத்திரம் செம்போடு சேர்ந்து கீழே பயணம் செய்யவில்லை. செம்பின் செறிவு மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்க, மாலிப்டினம் பெரும்பாலும் தான் பிறந்த குவார்ட்ஸ் நாளங்களிலேயே தங்கியிருக்கிறது. ஒரே பாறையில் இருந்தும் இவ்விரண்டு லோகங்களுக்கும் தனித்தனியே கணக்கு வைக்கவேண்டிய காரணம் இதுதான்.

கரைந்த செம்பு முழுவதும் நேர்கீழே இறங்கிவிடவும் இல்லை. ஒரு பகுதி நிலத்தடி நீரோடு தெற்கு நோக்கி வழிந்து, சில கிலோமீட்டர் தூரத்திலுள்ள சரளைப் படுகையில் புகுந்து, கூழாங்கற்களின் இடைவெளிகளில் படிந்து, தனியாக ஒரு தாதுத்திரளாயிற்று. 1957-இல், சுக்கிகமாட்டாவின் கழிவுகளைக் கொட்டுவதற்கு இடம் தேடித் துளையிட்டுப் பார்த்தபோதுதான் இது தெரியவந்தது. எக்சோட்டிகா என்று அப்போது பெயரிட்டார்கள். இன்று மினா சூர், அதாவது தெற்குச் சுரங்கம் என்கிறார்கள். குப்பை கொட்டுமுன் துளையிட்டுப் பார்க்கவேண்டும் என்ற விதி, சுரங்கத் திட்டம் வகுப்போரிடையே வேதவாக்காக நிலவுவதற்கு இதைவிட நல்ல நிரூபணம் வேண்டியதில்லை. பாராமல் கொட்டியிருந்தால், பெரும் செல்வம் ஒன்று கழிவுமலையின் அடியில் புதைந்திருக்கும்.

மாலிப்டினத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். செம்பை அறியாதவர் எவருமிலர், இதையோ பெயரளவில் அறிந்தவரும் சிலரே. இதன் கனிமமாகிய மாலிப்டினைட் கரிய வெள்ளிநிறம் கொண்டது. விரலால் தேய்த்தால் வழுவழுப்பாக இருக்கும். காகிதத்தில் கோடு விழும். ஆகவே நெடுங்காலம் இதைப் பென்சில் கரியோடு சேர்த்தே எண்ணி வந்தனர். 1778-இல் ஸ்வீடன் தேசத்து ரசாயன சாஸ்திரி ஷீலே இது வேறொன்று என்று காட்டினார். சில ஆண்டுகளில் ஹியெல்ம் என்பவர் லோகத்தையே பிரித்தெடுத்தார். எஃகில் சிறு அளவு சேர்த்தால் அதற்கு உறுதியும் உஷ்ணம் தாங்கும் ஆற்றலும் மிகுகின்றன. கடல்நீரிலும் உப்புக்காற்றிலும் அரிக்கப்படாத துருப்பிடிக்காத எஃகில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மாலிப்டினம் உண்டு. உளுந்து, பயறு முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும் வித்தைக்கும் இந்த லோகத்தின் அணுவே இன்றியமையாதது என்பதை எண்ணும்போது, நம் வயலுக்கும் அட்டகாமாவின் பாறைக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு என்ற நினைவு எனக்கு மகிழ்ச்சி தருகிறது. இன்னொரு விசேஷம்: மாலிப்டினைட்டை வறுக்கும்போது எழும் புகையிலிருந்துதான் ரீனியம் என்னும் அரிய லோகம் பெருமளவு கிடைக்கிறது. விமான எஞ்சின்களின் சுழல் இதழ்களுக்கு அது வேண்டும். அதை உலகத்துக்கு மிகுதியாக அளிக்கும் நாடு சிலியே.

சுக்கிகமாட்டாவின் செம்பை ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அப்பகுதி மக்கள் வெட்டி எடுத்தனர். 1899-இல் பழைய குடைவு ஒன்றில், மண் சரிந்து சிக்கி இறந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் உடல், கூடைகளும் கற்கருவிகளும் அருகிருக்க, செம்பு ஊறிப் பச்சை நிறமாகக் கண்டெடுக்கப்பட்டது. ஏறக்குறைய கி.பி. 550-ஐச் சேர்ந்த அவ்வுடல் இப்போது நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்மனிதன் பின்பற்றியது செழித்த நாளங்களை. 1910-ஐ அடுத்து அங்கு வந்த அமெரிக்கரான குகன்ஹைம் சகோதரர்கள் கண்ணிட்டதோ, நாளங்களுக்கிடையே கிடந்த ஏழைப் பாறையை. பச்சைத் தாதுவைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்துக் கரைத்து, கரைசலிலிருந்து மின்சாரத்தால் செம்பைப் படியவைக்கும் முறையை அவர்களுடைய நிபுணரான கப்பேலன் ஸ்மித் வகுத்தார். பனாமா கால்வாய் வெட்டிய நீராவி மண்வாரி யந்திரங்கள் இங்கே வந்து சேர்ந்தன. கடற்கரையிலுள்ள தோக்கோப்பிலாவில் மின்நிலையம் எழுந்தது. ஆண்டீஸ் மலையிலிருந்து குழாய்வழி தண்ணீர் வந்தது. 1923-இல் உரிமை அனகொண்டா நிறுவனத்துக்குச் சென்றது. பச்சைத் தாது தீரத் தீர, அதன் கீழிருந்த கந்தகத் தாதுவுக்கென 1950-களின் தொடக்கத்தில் வேறொரு ஆலை வேண்டியதாயிற்று. 1971 ஜூலை 11 அன்று, அலேந்தே ஆட்சியில், சிலியின் சட்டசபை ஏகமனதாகப் பெரிய செப்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது; 1976 முதல் கோடெல்கோ என்னும் அரசு நிறுவனம் இதை நடத்திவருகிறது.

இனி, திட்டம் எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்போம். வைரம் பதித்த துரப்பணத்தால் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஆழமாகத் துளையிட்டு, உருளை உருளையாக வெளிவரும் கல்லைப் பெட்டிகளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு துண்டிலும் செம்பு எவ்வளவு, மாலிப்டினம் எவ்வளவு, ஆர்செனிக் எவ்வளவு, வெடிப்புகள் எத்தனை என்று ஆராய்ந்து பதிவு செய்கிறார்கள். துளைகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத பாறையில் என்ன இருக்கும் என்பதை ஊகிக்க, 1951-இல் தென் ஆப்பிரிக்கச் சுரங்க எஞ்சினியரான டேனி கிரிகே தொடங்கிவைத்ததும், பின்பு பிரான்ஸில் ஜார்ஜ் மத்தெரான் கணித சாஸ்திரமாக வளர்த்ததுமான முறை பயன்படுகிறது. அதன்படி மலை முழுவதையும், ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவான பல லட்சம் கற்பனைக் கட்டிகளாகப் பிரித்து, கட்டிதோறும் லோகச் செறிவை எழுதுகிறார்கள். ஒரு கட்டியை எடுக்க வேண்டுமானால் அதன் மேலே விரிந்த கூம்பிலுள்ள கட்டிகளை எல்லாம் முதலில் அகற்ற வேண்டும். அவற்றை அகற்றும் செலவைக் கீழிருக்கும் செம்பு ஈடுசெய்யுமா? இந்த வினாவுக்கு, எல்லாக் கட்டிகளையும் சேர்த்து எண்ணி, மிகுந்த ஆதாயம் தரும் பள்ளத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கை 1965-இல் லெர்க்ஸ், கிராஸ்மன் என்ற இருவர் வெளியிட்டனர். இன்றும் உலகமெங்கும் சுரங்கத் திட்டங்கள் அதன் வழியிலேயே போடப்படுகின்றன.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. எந்தக் கட்டி தாது, எந்தக் கட்டி கழிவு என்பதைப் பாறை சொல்வதில்லை. இத்தனை பங்குக்குக் கீழே செம்பு இருந்தால் அரைத்துப் பிரிப்பதில் நஷ்டம் என்று மனிதர் ஒரு கோடு கிழிக்கிறார்கள். செம்பின் விலை ஏறினாலோ, புதிய முறை தோன்றினாலோ அந்தக் கோடு இறங்கும். மாலிப்டினத்தின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், செம்பு மட்டும் இருந்தால் கழிவாகியிருக்கக்கூடிய கட்டியும் தாதுவாகிவிடும். ஆதலால் இன்று கழிவென்று ஒதுக்கும் கல்லைக்கூட, அதன் செறிவைக் குறித்துவைத்துத் தரம்தரமாகத் தனித்தனிக் குவியல்களில் வைப்பதே விவேகமுள்ள திட்டம். கலந்து கொட்டிய குவியலைப் பின்னால் யாராலும் பிரிக்க இயலாது.

பள்ளத்தின் சுவர் எந்தச் சாய்வில் நிற்கும் என்பது அடுத்த வினா. இதற்குத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு 45 பாகைச் சாய்வில் சுவர் நின்றால், விளிம்பு அடியிலிருந்து ஆயிரம் மீட்டர் தள்ளியிருக்கும். 35 பாகையில்தான் நிற்குமென்றால் 1,430 மீட்டர் தள்ளிப்போகும். அந்த 430 மீட்டர் வித்தியாசம், பள்ளத்தின் நீளம் முழுவதற்கும் ஆப்புப்போல் ஒரு மலையாக வெட்டி அகற்ற வேண்டிய வெறும் கல். சுக்கிகமாட்டாவின் கிழக்குச் சுவர் ஓரளவு செங்குத்தாக நிற்கக்கூடியது. மேற்குச் சுவரோ, நாம் முன்னர் கண்ட மேற்குப் பிளவின் நொறுங்கிய பாறையில் அமைந்தது. ஓயாது உள்நோக்கி நகர்வது. அதைச் சாய்வாக வைப்பதற்காகவே, பிளவுக்கு அப்பாலுள்ள செம்பற்ற பாறையை அளவின்றி வெட்டிச் சுமக்க நேர்ந்தது. மூன்று கோடி ஆண்டுகளுக்குள் நிலம் நகர்ந்த நகர்ச்சிக்கு, இருபதாம் நூற்றாண்டின் மண்வாரி யந்திரங்கள் விலை கொடுத்தன.

திடமென்று நம்பப்பட்ட கிழக்குச் சுவரும் ஒருமுறை அசைந்தது. 1960-களின் இறுதியில் அதில் வெடிப்புகள் தோன்றவே, சுவரெங்கும் குறிகளை நட்டு, அவை நாளுக்கு நாள் எவ்வளவு இடம்பெயர்கின்றன என்று எஞ்சினியர்கள் அளந்து, வரைபடத்தில் குறித்துவந்தார்கள். நகர்ச்சியின் வேகம் கூடிக்கொண்டே போவதைக் கண்டு, அந்தக் கோட்டை முன்னோக்கி நீட்டி, 1969 பிப்ரவரி 18 அன்று சுவர் விழும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே, ஜனவரியிலேயே கணித்தார்கள். சுவர் அதே நாளில் விழுந்தது. இன்று ரேடார் கருவிகள் இரவுபகலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எனினும், எளிய குறிகளையும் பொறுமையான அளவையையும் கொண்டு அன்று செய்த அந்தக் கணிப்பு, பாறையியல் மாணவர்களுக்கு இன்றளவும் பாடமாக இருப்பது முற்றிலும் நியாயமே.

வெட்டிய தாது ஆலைக்குச் சென்று மாவாக அரைபட்டு, நீரும் எண்ணெய்த்தன்மையுள்ள ரசாயனங்களும் கலந்து, அடியிலிருந்து காற்று ஊதப்பட, செம்புத் துகள்களும் மாலிப்டினைட்டும் நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே மிதக்கின்றன. மற்றவை அடியில் தங்குகின்றன. பிறகு சோடியம் ஹைட்ரோசல்பைடு என்னும் உப்பைச் சேர்த்தால், செம்புத் துகள்கள் நுரையில் ஒட்டும் தன்மையை இழந்து மூழ்க, மாலிப்டினைட் மட்டும் மிதந்து வருகிறது. செம்புத் தூள் உருக்காலைக்குப் போகிறது. அதில் எனார்கைட் என்னும் ஆர்செனிக் கனிமமும் கலந்திருப்பதால், உருக்காலைப் புகையை அடக்குவது சுக்கிகமாட்டாவில் எக்காலமும் பெரும் கவலையாகவே இருந்துவந்திருக்கிறது. அடியில் தங்கிய சேறோ, 1950-களிலிருந்து தலாப்ரே என்ற உப்புப் படுகையில் அணைகட்டித் தேக்கப்படுகிறது. தண்ணீர் கிடைக்காத பாலையில், அந்தச் சேற்றோடு போகும் ஒவ்வொரு துளியும் அருமையானது.

பாறைக் கழிவு ஊரையே விழுங்கியது. பள்ளத்தின் அருகிலேயே, தொழிலாளர்களுக்கும் அதிகாரிகளுக்குமாக, பள்ளிகளும் கடைவீதியும் திரையரங்கும் பெரிய மருத்துவமனையும் கொண்ட ஒரு நகரம் வளர்ந்திருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன; பலருக்கு அதுவே பிறந்த ஊர். பள்ளம் அகல அகல, கழிவுக் குவியல்களுக்கு இடம் வேண்டி அவை ஊரை நெருங்கின. புழுதியும் உருக்காலைப் புகையும் குடியிருப்புக்குத் தகாத அளவை எட்டின. குடும்பங்கள் படிப்படியாகக் காலாமாவுக்குக் குடிபெயர்க்கப்பட்டு, 2007-இல் ஊர் மூடப்பட்டது. அனகொண்டா காலத்தில் கட்டிய அந்த மருத்துவமனையின் மேலேயே கழிவுப் பாறை கொட்டப்பட்டது. நூறாண்டுக்கு முன் ஊருக்கு இடம் குறித்தவர்கள், பள்ளம் எதுவரை அகலும், அதிலிருந்து வெளிவரும் கல் எங்கே போய்ச் சேரும் என்று வரைந்து பார்த்திருந்தால், அவ்வீடுகள் வேறிடத்தில் எழுந்திருக்கும். இதை நான் பழியாகச் சொல்லவில்லை. அந்நாளில் இவ்வளவு ஆழம் எவர் கனவிலும் இல்லை. ஆயினும் இன்று புதிதாகச் சுரங்கம் திட்டமிடும் எந்த நாட்டிலும், வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது கழிவின் இடம், அதற்கு அடுத்தது குடியிருப்பின் இடம் என்று வற்புறுத்த எனக்குத் தயக்கமில்லை.

ஆழம் கூடக்கூட, தாதுவை ஏற்றிக்கொண்டு சரிவுப் பாதையில் மேலேறும் ராட்சத லாரிகளின் எண்ணெய்ச் செலவும், சுவரைப் பின்னுக்குத் தள்ளும் செலவும் ஒரு கட்டத்தில் செம்பின் விலையைத் தாண்டிவிடுகின்றன. அந்தக் கட்டம் வந்தபோது, பள்ளத்தின் அடியில் இன்னும் சுமார் 170 கோடி டன் தாது இருந்தது. அதில் செம்பு நூற்றுக்கு ஏறத்தாழ 0.7 பங்கு, மாலிப்டினம் பத்து லட்சத்தில் சுமார் 500 பங்கு. அதை எடுக்க, 2019 ஆகஸ்டில் நிலத்தடிச் சுரங்கம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. தாதுத்திரளின் அடியில் குடைவு வெட்டி, மேலுள்ள பாறை தன் பாரத்தினாலேயே நொறுங்கி விழச்செய்து, கீழிருந்து வாரி எடுக்கும் முறை அது. நம் தேசத்தின் மிகப் பெரிய செப்புத் தாதுத்திரளான மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்டிலும், மாலிப்டினம் கலந்த அதேவகைத் தாதுவைத் திறந்தவெளியில் வெட்டிவந்த இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் நிலத்தடிக்கு இறங்கியிருக்கிறது. அந்தத் தாதுவின் வயதோ 249 கோடி ஆண்டுகள். சுக்கிகமாட்டா அதன் எதிரே நேற்றுப் பிறந்தது.

நிலத்தடி முறையில் கழிவுப் பாறை மிகக் குறைவு. சுவரைச் சாய்க்க வேண்டியதில்லை. வெறுங்கல் மலைகள் புதிதாக எழுவதில்லை. ஆனால் நாளொன்றுக்கு 1,40,000 டன் தாது என்பது திட்டத்தின் அளவு. அதில் ஆயிரம் டன்னுக்குச் செம்பு ஏழு டன், மாலிப்டினம் அரை டன். எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் அரைபட்ட சேறாகவே வெளிவரும். இன்னும் பல பத்தாண்டுகளுக்கு அச்சேற்றை வாங்கிக்கொள்ள வேண்டியது தலாப்ரேயின் அணைகள். நில அதிர்ச்சி ஓயாத நாட்டில் அவை உயர உயர, அவற்றைக் காக்கும் எஞ்சினியர்களின் பொறுப்பும் உயர்ந்துகொண்டே போகிறது.